பின் சீற்றில் மீன் குழம்பும் கடல் தண்ணீரும்: வீட்டிலேயே எடுக்கலாமா?

கேள்வி: நிலாவெளிக்குப் போய் வரும்போது பின் சீற்றில் மீன் குழம்புப் பார்சல் கொட்டிவிட்டது. பிள்ளைகளும் கடலில் குளித்த ஈரத்தோடு ஏறினார்கள். இப்போது மஞ்சள் கறை, மணம் இரண்டும் இருக்கின்றன. துணி சீற். வீட்டிலேயே கழுவலாமா?

கழுவ வேண்டாம், ஒற்றியெடுங்கள். வீட்டிலேயே செய்யலாம். ஆனால் வாளியையும் ஹோசையும் காருக்குப் பக்கத்தில் கொண்டுவராதீர்கள்.

சீற் துணிக்குக் கீழே நாலைந்து விரல் தடிப்பில் ஸ்பொஞ் இருக்கிறது. உடுப்பென்றால் தோய்த்துப் பிழியலாம், இதைப் பிழிய வழியில்லை. கச்சான் அடிக்கிற ஆனி, ஆடியில் எப்படியோ காய்ந்துவிடும். வாடை மழை தொடங்கிய கார்த்திகை, மார்கழியில் நனைத்த சீற் உள்ளுக்குள் ஈரமாகவே கிடந்து பூஞ்சணம் பிடிக்கும். அந்த மணத்துக்கு மீன் மணமே பரவாயில்லை.

தொடங்குமுன் முன் சீற்றுகளுக்குக் கீழே குனிந்து பாருங்கள். மஞ்சள் நிறச் சொருகியோடு வயர் ஓடினால் அது எயார்பேக்கைச் சேர்ந்தது. கழற்றவும் கூடாது, நனைக்கவும் கூடாது. அக்குவா, பிரியஸ் போன்ற ஹைபிரிட் என்றால் பற்றறிக்குக் காற்று இழுக்கும் சல்லடை வாய் பின் சீற் பக்கத்தில் இருக்கும். அக்குவாவில் பற்றறியே அந்தச் சீற்றுக்குக் கீழேதான். அந்த வாயை உலர்ந்த துவாயால் மூடிவிட்டு வேலை செய்யுங்கள். முடிந்ததும் மறக்காமல் எடுத்துவிடுங்கள், அடைபட்டபடி ஓடினால் பற்றறி சூடேறும்.

முதலில் மணல், அதுவும் சீற் உலர்ந்திருக்கும்போதே. உள்ளங்கையால் சீற்றைத் தட்டினால் இழைகளுக்குள் கிடக்கும் மணல் மேலே வரும், உடனே வக்கியூமால் இழுத்துவிட வேண்டும். தையல் ஓரங்களை இரண்டு விரலால் விரித்துப் பிடித்து இழுங்கள். மணலை விட்டுவிட்டுப் பிறஷ் போட்டால் அது உப்புத்தாள் போலத் துணியைத் தேய்க்கும்.

அடுத்தது கடல் உப்பு. கன்னியா வெந்நீர்க் கிணற்றில் குளித்துவிட்டு ஏறினால் அந்த ஈரம் காய்ந்து போய்விடும். கடல் தண்ணீர் காய்ந்தாலும் உப்பு தங்கும், அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். காய்ந்த சீற் மாலையில் மறுபடி பிசுபிசுப்பது இதனால்தான். வெறும் தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துவாயை விரித்து அதன்மேல் முழங்காலை ஊன்றி அழுத்துங்கள். தண்ணீரை மாற்றி மாற்றி நாலு தடவை. கடற்கரையோரக் கிணறுகளில் உவர் தண்ணீராக இருந்தால் அதைப் பாவிக்க வேண்டாம், உப்பை எடுத்த இடத்திலேயே திரும்ப உப்பைப் பூசியதாகிவிடும்.

இனிக் குழம்பு. கட்டியாகக் கிடப்பதைக் கரண்டி விளிம்பால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வழித்தெடுங்கள். எண்ணெய் போகாமல் மஞ்சள் போகாது, ஏனென்றால் மஞ்சளின் நிறம் தண்ணீரில் கரையாது, எண்ணெயோடுதான் ஒட்டியிருக்கும். ஒரு லீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம் விட்டு அடித்து, மேலே வரும் நுரையை மட்டும் மென்மையான பிறஷில் எடுத்துத் தடவுங்கள். இரண்டு நிமிடம் விட்டு வெள்ளைத் துவாயால் ஒற்றுங்கள். துவாயில் மஞ்சள் ஏறுவது கண்ணுக்குத் தெரியும். சுத்தமான பக்கத்துக்கு மடித்து மடித்து, நிறம் ஏறுவது நிற்கும்வரை ஒற்ற வேண்டும். அவசரப்பட்டுத் தேய்த்தால் துணி நார் நாராக எழும், கறையும் அகலும்.

உடுப்புச் சவர்க்காரம் பட்டு மஞ்சள் சிவப்பாக மாறினால் பயப்படாதீர்கள். காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும், அவ்வளவுதான். மிஞ்சிய நிறத்துக்குப் பார்மசியில் கிடைக்கும் 3 வீத ஹைட்ரஜன் பெரொக்சைட். முதலில் சீற்றின் அடிப்பக்கத்தில் ஒரு துளி வைத்துப் பத்து நிமிடம் பாருங்கள், சில கடும் நிறத் துணிகள் வெளிறும். வெளிறாவிட்டால் பஞ்சால் கறையில் மட்டும் தொட்டு வைத்து, பத்து நிமிடத்தில் ஈரத் துணியால் ஒற்றியெடுங்கள். பிறகு கதவைத் திறந்து நேர் வெயில் படவிடுங்கள். மஞ்சளுக்கு வெயில்தான் எதிரி. இரண்டு மூன்று நாளில் மிச்சமும் மங்கும்.

மணத்துக்கு ஒரு பங்கு வெள்ளை வினாகிரிக்கு மூன்று பங்கு தண்ணீர், லேசாக ஸ்பிறே செய்து ஒற்றுங்கள். மீனைத் தேசிக்காய்ப்புளி போட்டுக் கழுவுகிறோமே, அதே வேலைதான். தேசிக்காயையே சீற்றில் பிழிய வேண்டாம், பிசுக்குப் பிடித்து ஊத்தையை இழுக்கும். பெரொக்சைட்டை எடுத்து முடித்து, சீற் காய்ந்த பிறகுதான் வினாகிரி. இரண்டையும் கலக்கவே கூடாது.

வினாகிரியையும் அப்பச்சோடாவையும் ஒன்றாகக் கலந்து ஊற்றச் சொல்லும் வீடியோக்களைப் பார்த்தால் உண்மையிலேயே கோபம் வருகிறது. பொங்குவது காபனீரொட்சைட்டு. ஒன்றையொன்று முறித்துவிட்டுக் கடைசியில் உப்புத் தண்ணீர்தான் மிஞ்சும், அதுவும் ஸ்பொஞ்சுக்குள். அப்பச்சோடா வேண்டுமென்றால் சீற் முழுதாகக் காய்ந்த பிறகு தூளாகத் தூவி, இரவு விட்டு, காலையில் வக்கியூமால் எடுங்கள். வெளுக்கும் குளோரினைக் காருக்குள் கொண்டுபோகவே வேண்டாம். அது வினாகிரியோடு சேர்ந்தால் நச்சு வாயு.

மீன் இரத்தம், பால், தயிர் என்றால் குளிர்ந்த தண்ணீர் மட்டும். சூடு பட்டால் இறுகிப் பிடித்துவிடும். கோயிலால் வரும்போது கொட்டும் குங்குமம், திருநீறு இரண்டையும் ஈரக்கையால் தொடாமல் வக்கியூமால் இழுங்கள். தேநீர்க் கறைக்கு மேலே சொன்ன வினாகிரித் தண்ணீர் போதும். உட்கூரைத் துணி பசையில் ஒட்டியது, நனைத்தால் தொங்கும். நுரையால் தொட்டுத் துடைப்பதோடு விடுங்கள்.

இவ்வளவு வேலை எதற்கு, சேர்விஸ் ஸ்டேஷனில் கொடுத்தால் ஒரு மணித்தியாலத்தில் முடியுமே என்று சொல்ல யாராவது வருவார்கள். நுரை போட்டு, உறிஞ்சும் மெஷினால் தண்ணீரை இழுத்தெடுக்கிற இடமென்றால் தாராளமாகக் கொடுங்கள். ஹோசால் அடித்து, மேலே வாசனை ஸ்பிறே போட்டுக் கண்ணாடியை ஏற்றித் தரும் இடங்களும் இருக்கின்றன. காசை வாங்கிக்கொண்டு பூஞ்சணத்தை ஏற்றி அனுப்புவது அநியாயம். விடமுன் எந்த மெஷின் என்று கேளுங்கள்.

சீற் பெல்ட்டும் உப்பில் நனைந்திருக்கும். முழுதாக வெளியே இழுத்து, உள்ளே ஓடாதபடி சுருளுக்குப் பக்கத்தில் உடுப்புக் கிளிப் ஒன்றைப் போட்டு, அதே நுரையால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். பெரொக்சைட்டோ குளோரினோ படக்கூடாது, நாடா பலமிழக்கும்.

ஒரு விஷயத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கறை இருந்த வட்டத்தை மட்டும் ஈரமாக்கினால், காயும்போது ஊத்தை விளிம்புக்கு ஓடிப் பழுப்பு வளையம் விழும். கடைசித் துடைப்பைத் தையலிலிருந்து தையல்வரை முழுப் பகுதிக்கும் கொடுங்கள். பிறகு நாலு கதவையும் திறந்து, நிற்கும் காற்றாடியைச் சீற்றைப் பார்த்து வையுங்கள். மேலே தொட்டுப் பார்த்துக் காய்ந்ததென்று நம்ப வேண்டாம். டிசுவை நாலாக மடித்து வைத்து, முழங்காலால் அரை நிமிடம் அமுக்குங்கள். டிசு ஈரமாக வந்தால் காற்றாடி இன்னும் ஓட வேண்டும்.