‘பூர்வ எல்லைக்குறியை மாற்றாதே’ என்பது எதைப் பற்றி?

பைபிளில் நீதிமொழிகளை வாசிக்க வசனம் மட்டும் போதாதா, அந்தக் காலத்து வரலாறும் சமூகமும் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் போதும் என்று இருந்தவன்தான். ஒரு வசனம்தான் என்னை மாற்றியது.

‘உன் பிதாக்கள் நாட்டின பூர்வ எல்லைக்குறியை மாற்றாதே’ (22:28). எங்கள் ஊர் சபையில் வாலிபர்கள் ஆராதனைக்கு டிரம்ஸ் கொண்டுவந்தபோது இதை வைத்துத்தான் பிரசங்கம் நடந்தது. எல்லைக்குறி என்றால் முன்னோரின் வழக்கம் என்றே பல வருஷம் நம்பினேன்.

அது வயலோரம் நட்ட கல். இஸ்ரவேலில் நிலம் என்பது குடும்பத்தின் சுதந்தரம், அதாவது பரம்பரைச் சொத்து. ராஜா கேட்டும் நாபோத் தன் திராட்சத்தோட்டத்தைக் கொடுக்க மறுத்தது அதனால்தான், உயிர் போனதும் அதனால்தான். கல்லை ராத்திரியில் நாலு அடி தள்ளி நட்டால் ஒரு வீட்டின் சாப்பாடு குறையும். அதுவும், தட்டிக்கேட்க ஆளில்லாத வீட்டுக் கல்லைத்தான் தள்ளுவார்கள். அதனால்தான் 23:10 அதே கட்டளையை மறுபடி சொல்லி, திக்கற்ற பிள்ளைகளின் நிலத்தையும் சேர்த்துச் சொல்கிறது.

எகிப்திலும் இதே கவலை இருந்திருக்கிறது. ஆமெனெமோபே என்பவர் தன் மகனுக்குச் சொன்ன புத்திமதிகளாக அமைந்த பழைய எகிப்திய நூல் ‘ஆமெனெமோபேயின் போதனை’. பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ள அது 1923-ல் அச்சானது. அடுத்த வருஷமே அடால்ஃப் எர்மான் என்ற எகிப்தியல் அறிஞர் அதற்கும் நீதிமொழிகள் 22:17-க்குப் பின்வரும் பகுதிக்கும் உள்ள ஒற்றுமையைக் காட்டினார். விதவையின் நில எல்லையில் கை வைக்காதே என்கிறது அந்த எகிப்திய நூல். நைல் வெள்ளம் வருஷா வருஷம் வரப்புகளை அழித்துவிடும், மறுபடி அளந்தாக வேண்டும். நில எல்லைகளைக் குறிப்பதும் ஆமெனெமோபேயின் பொறுப்புகளில் ஒன்று என்று அந்த நூலே சொல்கிறது. தான் பார்த்த அநியாயத்தைத்தான் மகனுக்குச் சொல்கிறார்.

சரி, என்னை அதிகம் தொட்டது 23:11. ‘அவர்களுடைய மீட்பர் வல்லவர்.’ மீட்பர் என்பதற்கு எபிரெயத்தில் ‘கோஏல்’. கையைவிட்டுப் போன குடும்ப நிலத்தைத் திரும்ப வாங்கிக் கொடுக்கும் கடமையுள்ள நெருங்கிய உறவினர் அவர் (லேவியராகமம் 25:25). விதவையான ரூத்துக்கு அப்படிப்பட்ட உறவினராகப் போவாஸ் இருந்தார். இந்தத் திக்கற்ற பிள்ளைகளுக்கு அப்படி ஒரு சித்தப்பாவோ மாமாவோ இல்லை. அந்த இடத்தில் கடவுளே சொந்தக்காரராக வந்து நின்று வழக்காடுவார் என்கிறது வசனம். இதைப் புரிந்துகொண்ட அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

முதலில் நாபோத்தின் கதை வரும் 1 இராஜாக்கள் 21-ஐ முழுசாக வாசியுங்கள். அப்புறம் 23:10-க்கு வாருங்கள்.