முழுக்கைச் சட்டை எதற்கு?

கேள்வி: வயது 24, திருப்பூர். ஐந்து மாதத்தில் மூன்று முறை இரண்டு கண்ணும் சிவந்து வலிக்கிறது, வெளிச்சம் கூசுகிறது, பார்வை மங்குகிறது. சொட்டு மருந்தை நிறுத்தினால் திரும்ப வருகிறது. அந்த நாட்களில் கையில் இருக்கும் கறுப்பு டாட்டூவும் தடித்து அரிக்கும். அப்பாவுக்கு டாட்டூ விஷயம் தெரியாது. அவர்தான் லீவு போட்டு டாக்டரிடம் அழைத்துப் போகிறார், அதனால் முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்கிறேன். கண் போய்விடுமா?

பதில்: போகலாம், தம்பி. இந்த அழற்சியைச் சரியாகக் கவனிக்காவிட்டால் கண் அழுத்தம் ஏறும், புரை விழும், போன பார்வை திரும்பாமலும் போகும்.

ஆனால் எனக்கு உறுத்துவது அந்த முழுக்கைச் சட்டை. மூன்று முறை டாக்டர் முன்னால் உட்கார்ந்து, கருவியில் தாடையை வைத்துக் கண்ணைக் காட்டினீர்கள். அவருக்கு வேண்டிய தடயம் ஒரு முழம் தள்ளி, பட்டன் போட்ட கைக்குள் இருந்தது. டாட்டூ தடிப்பும் 'யுவைட்டிஸ்' என்கிற கண் உள் அழற்சியும் சேர்ந்து வருவதை 1969-லேயே லான்செட் மருத்துவ இதழில் எழுதிவிட்டார்கள். அபூர்வம்தான். பெரும்பாலும் கறுப்பு மையில் வருகிறது, குத்திச் சில வருடம் கழித்தும் வரும். நுரையீரல், தோல் என்று உடம்பில் பல இடங்களில் சிறு அழற்சிக் கட்டிகளை உண்டாக்கும் சார்காய்டோசிஸ் என்ற நோயோ, காசநோயோ இருந்தாலும் கண்ணில் இதே தொல்லை வரலாம். அதனால் மார்பு எக்ஸ்-ரே, ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொல்வார்கள், தடித்த தோலில் துணுக்கு எடுத்தும் பார்க்கலாம். கையையே காட்டாதபோது இதெல்லாம் அவருக்கு எப்படித் தோன்றும்? சொட்டு மருந்தை நீங்களாக நிறுத்துவதையும் இன்றோடு விடுங்கள். லேசரில் அழிக்கிறேன் என்று டாக்டரைக் கேட்காமல் ஓடவும் வேண்டாம், டாட்டூ மைக்கு உடம்பு காட்டும் எதிர்ப்பு கூடிவிடக்கூடும்.

அப்பா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். மகனுக்கு என்ன ஆகுமோ என்று பயந்துகொண்டிருக்கும் மனிதரிடம் நோயின் பாதியை மறைப்பது பெரிய தப்பு. பெற்றவரிடம் பயம் இருக்கலாம், பொய் இருக்கக் கூடாது. பச்சை குத்துவது அவருக்குத் தெரியாத விஷயமும் இல்லை. அவருடைய பாட்டி காலத்துப் பெண்கள் எத்தனை பேர் கையில் கோலமும் தேளும் இருந்தன!

இன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் கையை மடித்துக் காட்டுங்கள். திட்டுவார். இரண்டு நாள் பேசாமலும் இருப்பார். வாங்கிக்கொள்ளுங்கள், நியாயம்தான். அப்புறம் கண் எப்போதெல்லாம் சிவந்தது, கை எப்போதெல்லாம் தடித்தது என்று ஒரு தாளில் எழுதி அப்பாவிடமே கொடுங்கள். டாக்டர் கேட்கும்போது அவர் சொல்லட்டும்.