தெர்மக்கோல் செல்லும் நிஜச் செல்லும்: வாசகர் கேள்விகள்

பள்ளிகளில் அறிவியல் கண்காட்சி நெருங்கினால் எனக்கு வரும் கேள்விகளில் பாதி செல்லைப் பற்றியதாகத்தான் இருக்கும். முப்பது வருடம் கல்லூரியில் பாடம் நடத்திய பழக்கத்தில் சில பதில்கள் நீண்டுவிட்டன, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் செல்லை மதுரை ஊர் மாதிரி செய்கிறாள். நடுவில் மீனாட்சி கோயில்தான் உட்கரு, மாசி வீதிகள் எண்டோபிளாச வலை, மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு கோல்கி உறுப்பு. இது சரியா? (திருப்பரங்குன்றம்)

கோயில் பொருத்தம் பிரமாதம். உட்கருவைச் சுற்றி இரட்டைச் சவ்வு மதில்போல நிற்கிறது. அதில் வாசல்கள் உண்டு, ஆனால் நாலு கோபுர வாசல் போதாது. மனித செல் ஒன்றின் உட்கருவில் சாதாரணமாக இரண்டாயிரம் துளைகள்வரை இருக்கும். சின்ன மூலக்கூறுகள் கேள்வியில்லாமல் போய்வரலாம். பெரிய புரதமாக இருந்தால் உடம்பில் அடையாளச் சீட்டு வேண்டும், இல்லாவிட்டால் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

உள்ளே இருக்கும் டி.என்.ஏ. வெளியே வருவதில்லை. தேவையான பகுதியின் நகலாக ஆர்.என்.ஏ.தான் வெளியே போகிறது. மூலவர் கருவறையிலேயே இருக்க, உற்சவர் வீதியுலா வருகிறாரே, அதுபோல. ஒரு வித்தியாசம்: உற்சவர் கோயிலுக்குத் திரும்பிவிடுவார், புரதம் செய்யப் போன ஆர்.என்.ஏ. திரும்பாது. வெளியே ரைபோசோம்கள் அதைப் படித்துப் புரதம் செய்யும், கொஞ்ச காலத்தில் அது சிதைக்கப்பட்டுவிடும்.

மாசி வீதியை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். எண்டோபிளாச வலை உட்கருவிலிருந்து தள்ளி ஓடும் தெரு அல்ல. உட்கருவின் வெளிச்சவ்வே நீண்டு, மடிந்து வலையாகிறது. மதிலுக்கு வெளியே ஒட்டிய சித்திரை வீதியிலிருந்து தொடங்கினால் ஒப்புக்கொள்ளலாம்.

மாட்டுத்தாவணி நல்ல தேர்வு. வலையில் ரைபோசோம் ஒட்டிய சொரசொரப்பான பகுதியில் தயாராகும் புரதங்கள் சின்னச் சின்னப் பைகளில் ஏறி கோல்கிக்கு வருகின்றன. அங்கே அவற்றின் சர்க்கரைச் சங்கிலிகள் திருத்தப்பட்டு, இது செல்லுக்கு வெளியே, இது மேல்சவ்வுக்கு, இது லைசோசோம் என்ற செரிமானப் பைக்கு என்று பிரிக்கப்படுகின்றன. லைசோசோமுக்குப் போகும் நொதிகளில் மேனோஸ் என்ற சர்க்கரையின் மேல் ஒரு பாஸ்பேட் ஒட்டியிருக்கும். அதுதான் ஊர்ப்பெயர் எழுதிய பலகை. அந்தப் பலகையை மாட்ட முடியாத ஒரு பரம்பரை நோய் உண்டு. அதில் நொதிகள் வழிதவறி செல்லுக்கு வெளியே போய்விடும், லைசோசோமில் கழிவு செரிக்காமல் தேங்கும். கமில்லோ கோல்கி இந்த உறுப்பை 1898இல் ஆந்தையின் நரம்பு செல்லில் பார்த்தார். சாயத்தால் வந்த கறை என்றே பலர் நினைத்தார்கள். 1950களில் எலெக்ட்ரான் நுண்ணோக்கி வந்த பிறகுதான் வாய் மூடினார்கள்.

எனக்கு இருக்கும் ஒரே மனக்குறை, எல்லாவற்றையும் பசை போட்டு ஒட்டிவிடுகிறோம் என்பதுதான். நிஜச் செல்லில் எதுவும் ஒட்டிக்கொண்டு நிற்பதில்லை. அவரைக்கொட்டை மாதிரி வரைகிறோமே, செல்லுக்கு ஆற்றல் தரும் அந்த மைட்டோகாண்ட்ரியா நூல்போல நீளும், இரண்டு சேர்ந்து ஒன்றாகும், ஒன்று உடைந்து இரண்டாகும். நுண்குழல்கள் என்ற தண்டவாளத்தில் மோட்டார் புரதங்கள் அவற்றை இழுத்துப் போகின்றன. நம் உடம்பில் செல் பிரியும் நேரத்தில் உட்கருவின் மதிலே கலைந்துபோகும், வேலை முடிந்ததும் மறுபடி எழும். மகளை ஒட்டாமல் குண்டூசியில் குத்தி வைக்கச் சொல்லுங்கள். பார்க்க வருகிறவர் முன்னால் நகர்த்திக் காட்டலாம்.

அப்புறம், தாவர செல் செய்வதானால் கோயிலை நடுவில் வைக்காதீர்கள். முதிர்ந்த தாவர செல்லில் நடுவிடத்தை வாக்குவோல் என்ற பெரிய நீர்ப்பை பிடித்துக்கொள்ளும், உட்கரு ஓரத்துக்குப் போய்விடும்.

மல்லிகைப் பூவில் பச்சை இல்லை. அப்படியென்றால் அதன் செல்லில் கணிகங்களே இல்லையா? வெள்ளை நிறம் எங்கிருந்து வருகிறது? (பூ வியாபாரி மகன், மாட்டுத்தாவணி)

கணிகம் என்பது தாவர செல்லில் பச்சையம் போன்ற நிறமிகளை வைத்திருக்கும் சின்ன உறுப்பு. மல்லிகையில் கணிகம் உண்டு, பச்சையம் இல்லை. இளம் அரும்பைக் கவனித்திருப்பீர்கள், லேசாகப் பச்சை அடிக்கும். அப்போது இருந்த பச்சையம் மொட்டு பெரிதாகும்போது சிதைந்துவிடுகிறது. நிறமில்லாத கணிகங்கள்தான் மிஞ்சுகின்றன. தக்காளியிலும் முதல் பாதி இதே கதைதான். அங்கே பச்சையம் போன இடத்தில் லைகோபீன் என்ற சிவப்பு நிறமி சேர்கிறது.

வெள்ளை என்பது மல்லிகையில் ஒரு சாயமே இல்லை. இதழின் செல்களுக்கு இடையே காற்று நிரம்பிய இடைவெளிகள் இருக்கின்றன. அவற்றில் பட்டு ஒளி சிதறுவதால் வெள்ளையாகத் தெரிகிறது. சோப்பு நுரை வெள்ளையாக இருப்பது இதனால்தான். ஓர் இதழை விரலால் நன்றாக அழுத்திப் பாருங்கள், காற்று வெளியேறிய இடம் கண்ணாடிபோல ஆகிவிடும்.

கொஞ்ச நேரத்தில் அந்த இடம் பழுப்பாவதையும் பார்ப்பீர்கள். செல்லுக்குள் அறை பிரித்து வைத்திருப்பதன் அருமை அங்கேதான் தெரியும். பீனால் சேர்மங்கள் வாக்குவோலில் இருக்கின்றன, அவற்றைப் பழுப்பாக்கும் நொதி கணிகத்தில் இருக்கிறது. அழுத்தினால் நடுவில் உள்ள சவ்வுகள் உடைந்து இரண்டும் கலக்கின்றன. வாழைப்பூவை நறுக்கினால் கறுப்பதும் இதே காரணத்தால்தான். வீட்டில் உடனே மோரில் போடுகிறார்களே, மோரின் புளிப்பு அந்த நொதியை அடக்கிவிடுகிறது. பூ வாடுவது வேறு விஷயம். வாக்குவோலில் தண்ணீர் குறைந்து செல் தொய்ந்துபோவதுதான் வாட்டம். ஈரத்துணி போட்டு மூடுவது அதைத் தள்ளிப்போடத்தான்.

மதுரைக்குப் பக்கத்துக் கிராமத்தில் கண்டுபிடித்த எம்130 என்ற மரபு அடையாளம் மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கிறதா? அம்மா வழியில் வருவது என்று என் நண்பன் சொல்கிறான். (உசிலம்பட்டி)

இல்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பன் குழு நம் பக்கத்து ஆண்களிடம் கண்ட அந்த அடையாளம் ஒய் குரோமோசோமில் இருப்பது. ஒய் குரோமோசோம் உட்கருவுக்குள் இருக்கிறது, அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போகிறது.

நண்பர் குழம்பியதிலும் நியாயம் உண்டு. மைட்டோகாண்ட்ரியாவுக்கும் சொந்தமாக டி.என்.ஏ. இருக்கிறது. மனிதரில் அது 16,569 எழுத்துகள் கொண்ட வளையம், 37 மரபணுக்கள். 1981லேயே முழுதாகப் படித்துவிட்டார்கள். அதுதான் அம்மா வழியில் வருவது. மகனுக்கும் வரும், ஆனால் மகன் அதைத் தன் பிள்ளைகளுக்குக் கொடுப்பதில்லை. ஒரு காலத்தில் தனியாக வாழ்ந்த பாக்டீரியா இன்னொரு செல்லுக்குள் குடிவந்ததன் மிச்சம் இது. 1967இல் லின் மார்குலிஸ் இதை வலியுறுத்தி எழுதியபோது கேலி செய்தவர்கள் நிறைய. இன்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது. குடிவந்தவர் சொத்தில் பெரும்பகுதியை உட்கருவுக்கு எழுதிக்கொடுத்துவிட்டார். மைட்டோகாண்ட்ரியாவுக்கு வேண்டிய ஆயிரத்துக்கு மேற்பட்ட புரதங்களில் 13 மட்டுமே அதன் சொந்த மரபணுவிலிருந்து வருகின்றன.

எம்130 என்பது எந்த வேலையும் செய்யும் மரபணு அல்ல, ஓர் எழுத்து மாறிய இடம், அவ்வளவுதான். அதை வைத்து ‘நாங்கள்தான் முதல் மனிதர்’ என்று யாராவது மேடையில் பேசினால் கைதட்ட வேண்டாம். எல்லோருடைய வம்சமும் ஒரே அளவு பழையதுதான். இந்த அடையாளம் சொல்வது ஒரே ஒரு தந்தைவழிக் கிளையின் கதை.

ஆட்டு ரத்தப் பொரியல் சாப்பிட்டால் அதில் டி.என்.ஏ. இருக்குமா? (செல்லூர்)

சிவப்பணுவில் இருக்காது. பாலூட்டிகளின் சிவப்பணு முதிரும்போது உட்கருவையும் மைட்டோகாண்ட்ரியாவையும் விட்டுவிடுகிறது. மிச்சமுள்ள இடம் முழுக்க ஹீமோகுளோபின். தான் சுமக்கும் ஆக்சிஜனைத் தானே தொடாத சுமைதூக்கி அது. பழுதுபார்க்க உட்கரு இல்லாததால் ஆயுளும் குறைவு, மனிதரில் சுமார் 120 நாள். வெள்ளையணுக்களில் டி.என்.ஏ. உண்டு, எண்ணிக்கையில் அவை மிகக் குறைவு. கோழி ரத்தம் என்றால் சிவப்பணுவிலேயே உட்கரு இருக்கும்.

இட்லி மாவைப் பொங்கவைப்பதும் உட்கரு உள்ள செல்தானா? (அனுப்பானடி)

பெரும்பாலும் இல்லை. முக்கிய வேலைக்காரர் லியூகோனாஸ்டாக் என்ற பாக்டீரியா, அதற்கு உட்கரு கிடையாது. பேக்கரி பன்னைப் பொங்கவைக்கும் ஈஸ்டுக்கு உண்டு.

பள்ளி நுண்ணோக்கியில் மைட்டோகாண்ட்ரியாவைக் காட்ட முடியுமா? (ஆசிரியை, மேலூர்)

சிரமம். அதன் அகலம் ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவு. தனிச் சாயமும் நல்ல லென்சும் வேண்டும். வெங்காயத் தோலில் அயோடின் விட்டால் உட்கரு தெரியும். தயவுசெய்து காற்றுக்குமிழியை உட்கரு என்று வரைய விடாதீர்கள். கறுத்த, கனமான வட்ட விளிம்பு இருந்தால் அது குமிழி. என் வகுப்பில் வருடத்துக்குப் பத்துப் பேராவது அதைத்தான் அழகாக வரைந்து நிழல் தீட்டுவார்கள்.

பிள்ளைகள் அசந்துபோக வேண்டும் என்றால் வேலம்பாசி என்ற நீர்ச்செடி கொண்டுவாருங்கள். கண்மாயில் கிடைக்கும், மீன்தொட்டிக் கடையிலும் கிடைக்கும். இளம் இலை ஒன்றைத் தண்ணீர்ச் சொட்டில் வைத்து நானூறு மடங்கில் பார்த்தால், பசுங்கணிகங்கள் வாக்குவோலைச் சுற்றி ஒன்றன்பின் ஒன்றாக வலம் வருவது தெரியும். உடனே அசையவில்லை என்றால் இலையைத் தூக்கிப்போட்டுவிடாதீர்கள், விளக்கு வெளிச்சத்தில் ஐந்து நிமிடம் விட்டுவிட்டு நடுநரம்பை ஒட்டிய செல்களில் மறுபடி பாருங்கள்.