கப்பலில் அடிபட்டவருக்கு நிறுவன மருத்துவர் ‘ஃபிட்’ (வேலைக்குத் தகுதி) என்று எழுதிவிட்டால், ஊன இழப்பீடு கேட்க முடியாதா?

கேட்கலாம். ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று நிறுவனம் நீட்டும் தாளில் நீங்கள் இன்னும் கையெழுத்திடவில்லை என்று எண்ணிக்கொண்டே இதை எழுதுகிறேன்.

நான் தூத்துக்குடிக்காரன், சரக்குக் கப்பல்களில் 14 ஆண்டுகள் வேலை பார்த்து, கடைசியில் போசனாக, அதாவது தளப் பணியாளர்களின் மேற்பார்வையாளராக, இருந்தேன். 2018இல் சரக்கறை ஏணியில் இறங்கும்போது, கிரீஸ் படிந்திருந்த படியில் கால் வழுக்கி விழுந்தேன். வலி மாத்திரையோடு 11 நாட்கள் ஓடிய பிறகு, அடுத்த துறைமுகத்தில் எடுத்த எம்.ஆர்.ஐ.யில்தான் முதுகெலும்பின் வட்டு (டிஸ்க்) பிதுங்கியிருப்பது தெரிந்தது. எங்கள் கப்பலின் பிலிப்பைன்ஸ் சமையற்காரர், தங்கள் நாட்டில் இறங்கிய மூன்று வேலை நாட்களுக்குள் நிறுவன மருத்துவரிடம் போகாவிட்டால் இழப்பீட்டு உரிமையே போய்விடும் என்று சொல்லியிருந்தார். அந்த விதி நமக்கு இல்லை என்றாலும், அவர் பேச்சை நம்பிச் சென்னையில் இறங்கிய மறுநாளே நான் போய் நின்றேன்.

பத்து வாரப் பிசியோதெரபிக்குப் பின், அந்த மருத்துவர் என்னை அறையின் குறுக்கே நான்கு முறை நடக்கச் சொல்லிவிட்டு ‘ஃபிட்’ என்று எழுதினார். குனியச் சொல்லவில்லை, பாரம் தூக்கச் சொல்லவில்லை. அவர் அறையின் தரை ஆடாது. கப்பலைத் துறையில் கட்டும் மூரிங் கயிற்றை இழுத்துப் போடும் தளம் ஆடும். எல்லா நிறுவன மருத்துவர்களையும் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். வலிக்கிறது என்று நடித்து ஊருக்குப் போனவனோடும் நான் கப்பலோட்டியிருக்கிறேன்.

என்னைக் காப்பாற்றியது, சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பு (ஐ.டி.எஃப்.) ஏற்ற, சங்கமும் நிறுவனமும் செய்த கூட்டு ஒப்பந்தத்தில் இருந்த ஒரு பிரிவுதான். நிறுவன மருத்துவரின் கணிப்பைச் சங்கத்தின் மருத்துவர் மறுத்தால், இரு தரப்பும் சேர்ந்து மூன்றாவது மருத்துவரை அமர்த்தலாம். அவர் முடிவு இருவரையும் கட்டுப்படுத்தும். அந்த மூன்றாமவர் எனக்கு 18 சதவீத ஊனம் என்றுதான் கணித்தார். ஆனால் கடல் வேலைக்கு நிரந்தரமாகத் தகுதியற்றவர் என்றும் சேர்த்து எழுதினார். ஊனம் 50 சதவீதத்துக்குக் குறைந்தாலும், அந்த ஒரு வரி இருந்தால் முழு இழப்பீடு தரவேண்டும் என்பது என் ஒப்பந்தம். ஆகவே சதவீதத்துக்காக மட்டும் வாதாடாதீர்கள். அந்த வரிக்காக வாதாடுங்கள். டாலரில் சம்பளம் வாங்கியவனுக்கு என்ன குறை என்று கேட்ட உறவினர்களுக்கு இதையெல்லாம் விளக்க நான் முயலவில்லை.

இந்தியா 2015இல் ஏற்ற கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, நோய்க்காலச் சம்பளத்தைக் குறைந்தது 16 வாரங்கள் வரை தருவதை உறுதி செய்கிறது. அது நின்ற பிறகு வீட்டில் பணம் இருக்காது. சிறு தொகைக்குச் சம்மதிக்க வைக்கும் தொலைபேசி அழைப்புகள் அப்போதுதான் வரத் தொடங்கும். ஒப்பந்தத் தொகையைவிடக் குறைவாக ஏற்கும்படி வற்புறுத்தக் கூடாது என்று அதே உடன்படிக்கை சொல்கிறது. 2017 ஜனவரி 18 முதல், இழப்பீட்டுக்கான காப்பீட்டுச் சான்றைக் கப்பலில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டியிருக்க வேண்டும். உங்களுடன் இருந்தவர் எவராவது இன்னும் அந்தக் கப்பலில் இருந்தால், அதையும் கப்பலின் அன்றாடக் குறிப்பேடான லாக் புத்தகத்தில் விபத்தன்று எழுதிய பக்கத்தையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ. படங்களின் நகலை இன்றே எழுத்தில் கேளுங்கள். எனக்கு அவற்றைத் தர ஆறு வாரம் இழுத்தடித்தார்கள்.