குஞ்சைக் கூட்டினால் மீன் கூடாது

கேள்வி: ஒட்டுசுட்டான் பக்கம் எங்கள் கமக்காரர் அமைப்பின் குளம் நிரம்பினால் 15 ஏக்கர், ஆவணியில் வற்றிவிடும். போன மாரியில் 20,000 கெண்டைக் குஞ்சு விட்டோம். வற்றும்போது 1,800 கிலோ பிடித்தோம், ஆனால் ஒன்று சராசரி 180 கிராம்தான். வியாபாரி விலை சொல்லவே யோசிக்கிறார். இந்த முறை 40,000 விடலாமா?

பதில்: வேண்டாம். பாதிக்கும் குறைவாக விடுங்கள்.

1,800 கிலோவை 180 கிராமால் வகுத்தால் 10,000 மீன். விட்டதில் பாதி பிழைத்திருக்கிறது; வற்றுக்குளத்துக்கு அது நல்ல கணக்கு. குறை குஞ்சில் இல்லை, தீனியில். நுண்பாசி, அதைத் தின்னும் நுண்ணுயிர்கள், அடிச்சேறு எல்லாம் சேர்ந்து ஒரு பருவத்தில் உங்கள் குளம் கட்டிக்கொடுக்கக்கூடிய மீன் ஏறத்தாழ 1,800 கிலோ. இதைத்தான் தாங்குதிறன் என்கிறோம். அதைப் பத்தாயிரம் வாய்க்குப் பங்கிட்டால் 180 கிராம், இருபதாயிரம் வாய்க்குப் பங்கிட்டால் 90 கிராம். 40,000 விட்டால் கருவாட்டுக்குத்தான் உதவும்.

8,000 விட்டு, பாதி பிழைத்தால், ஒன்று 450 கிராம் வரும். இன்னும் குறைத்து 3,000 விட்டால் ஒரு கிலோ வருமா என்று கேட்காதீர்கள். ஏழெட்டு மாதத்தில் மீன் வளர ஓர் எல்லை உண்டு. மிஞ்சும் தீனி வீணாகும்.

எல்லாம் ஒரே இனமாக இருந்தால் ஒரே பந்தியில் முட்டிக்கொள்ளும். கட்லா மேல்நீரிலும், ரோகு நடுநீரிலும், மிரிகால் அடியிலும் மேய்வதால் 4:3:3 என்று கலந்து விடுங்கள். நீர்ச்செடி மண்டியிருந்தால் கொஞ்சம் புல்கெண்டை சேர்க்கலாம்.

இந்தக் கெண்டைகள் தேங்கிய குளத்தில் இனம் பெருக்கா. எனவே விட்ட எண்ணிக்கை குறையுமே தவிரக் கூடாது. திலாப்பியா அப்படியல்ல. 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட இந்த ஆபிரிக்க மீன் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்துக் காப்பதால் சாவு குறைவு. நெரிசல் வந்தால் உள்ளங்கை அளவிலேயே சினைப்பட்டுவிடும். வற்றாத மடு ஒன்றில் சில சோடி தப்பினாலும் அடுத்த மாரியில் உங்கள் கெண்டையின் தீனிக்குப் பங்காளி ஆயிரக்கணக்கில் வரும். திலாப்பியாவில் பாதியைப் பிடித்துவிட்டோம் என்று ஆறுதலடைவதும் பிழை: 1838இல் பெல்ஜியக் கணிதர் வெர்ஹுல்ஸ்ட் எழுதிய சமன்பாட்டின்படி, ஒரு கூட்டம் ஆக வேகமாகப் பெருகுவது தாங்குதிறனின் பாதியில் நிற்கும்போதுதான். கடைசி மடுவைச் சிறுகண் வலையால் முழுதாக அரித்து எடுங்கள். நஞ்சு வேண்டாம், மாடும் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறது.

மடுவில் விரால் இருந்தால் திலாப்பியாக் குஞ்சைத் தின்று உதவும், உங்கள் சின்னக் கெண்டையையும் விடாது. நீர்க்காகமும் அப்படியே. ஆகவே விரலளவு தாண்டிய, 8 சென்ரிமீற்றருக்குக் குறையாத குஞ்சையே வாங்குங்கள். விலை கூடத்தான், ஆனாலும் சின்னதில் சாகும் தொகையைக் கணக்குப் பார்த்தால் நட்டமில்லை.

குளம் நிரம்பி வான் (மிகைநீர் வழியும் வாய்க்கால்) பாய்ந்து முடிந்த பிறகு, தை மாதமளவில், காலையிலோ மாலையிலோ விடுங்கள். முந்தினால் குஞ்சு வானோடு போய்க் கீழ்க்குளத்தாருக்கு இலாபமாகும். பையைக் கட்டவிழ்க்காமல் 20 நிமிடம் குளத்தில் மிதக்கவிட்டு, பிறகு குளத்துநீரைச் சிறிது சிறிதாகப் பைக்குள் சேர்த்து, குஞ்சு தானாக நீந்தி வெளியேற விடவேண்டும்.

சிறுபோகத்துக்குத் துருசு (மதகு) திறந்ததும் கணக்கு மாறும். தண்ணீர் சுருங்கச் சுருங்கத் தாங்குதிறனும் சுருங்கும், மீனின் மொத்த எடையோ கூடிக்கொண்டிருக்கும். இரவில் பாசியும் மீனும் சேர்ந்து ஒட்சிசனை இழுப்பதால் நெருக்கடி விடியற்காலையில் வரும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் அன்றைக்கே வலை போடுங்கள். அதற்கு முன்பே, ஆனி கடைசியிலிருந்து, பெருங்கண் வலையால் வளர்ந்ததை எடுத்துவந்தால் மிச்சம் நிற்பவற்றுக்கு இடமும் தீனியும் கிடைக்கும். சந்தையிலும் ஒரே நாளில் குவியாது.