லீப் முடிந்து ஆறு வாரம்தான் ஆகிறது, டெஸ்ட்டுக்கு அவசரம் வேண்டாம்

கேள்வி: எனக்கு 38 வயது, இரண்டு குழந்தைகள். கர்ப்பப்பை வாயின் செல்களைப் பார்க்கும் பாப் ஸ்மியரில் சந்தேகம் வந்து, பயாப்சியில் ‘சி.ஐ.என். 3’ (புற்றுநோய்க்கு முந்தைய கடும் மாற்றம்) என்று தெரிந்தது. ஆறு வாரத்துக்கு முன் லீப் முறையில் அந்த இடத்தை எடுத்துவிட்டார்கள். எடுத்த துண்டின் ஓரங்கள் சுத்தமாக இருப்பதாக ரிப்போர்ட் சொல்கிறது. இதற்குக் காரணமான ஹெச்.பி.வி. வைரஸ் இன்னும் இருக்கிறதா என்று இப்போதே டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாமா? அக்கா, “எதுக்கு வம்பு, கர்ப்பப்பையையே எடுத்துடு” என்கிறாள்.
– வாசகி, திண்டுக்கல்

பதில்: இப்போது எடுக்காதீர்கள். எடுத்தால் வருகிற விடையால் உங்களுக்கும் பயனில்லை, உங்கள் டாக்டருக்கும் பயனில்லை.

லீப்பில் மின்சாரம் பாயும் கம்பி வளையத்தால் கர்ப்பப்பை வாயிலிருந்து சீவி எடுத்தது ஏறக்குறைய பாதிப் பாக்கு அளவுக்குத்தான் இருக்கும். மாறிப்போன செல்கள் அதோடு போயின. ஆனால் வைரஸ் சுற்றியுள்ள தோலிலும் கொஞ்சம் ஒட்டியிருக்கலாம். அதை உங்கள் உடம்பின் எதிர்ப்பு சக்திதான் துடைக்க வேண்டும், அதற்குச் சில மாதங்கள் பிடிக்கும். ஆறு வாரத்தில் பார்த்தால், தானே போய்க்கொண்டிருக்கிற வைரஸும் ‘பாசிட்டிவ்’ என்று காட்டும். உங்களுக்குத் தூக்கம் போவதுதான் மிச்சம்.

சிகிச்சை முடிந்து ஆறாவது மாதம் எடுங்கள். அமெரிக்காவின் 2019 வழிகாட்டுதலும் அதையே சொல்கிறது. உலக சுகாதார நிறுவனம் பன்னிரண்டாவது மாதம் என்கிறது. உங்களுடையது சி.ஐ.என். 3 என்பதால் நான் ஆறு மாதத்தின் பக்கம். அதில் நெகட்டிவ் வந்தால் உண்மையிலேயே நிம்மதி அடையலாம். நோய் மிச்சம் இருக்கிறதா, திரும்புமா என்பதை முன்கூட்டிச் சொல்வதில், பாப் ஸ்மியரைவிடவும் ஏன் ‘ஓரம் சுத்தம்’ என்ற வரியைவிடவும் இந்த டெஸ்ட் கெட்டி. ஓரம் சுத்தமாக இருந்தும் பின்னால் திரும்பியவர்கள் உண்டு. ஓரத்தில் மிச்சம் இருந்தும் வைரஸ் போய், ஒன்றும் வராதவர்களும் உண்டு.

பாசிட்டிவ் வந்தால்? அது புற்றுநோய் என்று அர்த்தமில்லை. கோல்போஸ்கோபியில் உருப்பெருக்கிப் பார்த்து, தேவைப்பட்டால் உள்வாயிலிருந்தும் துளி சாம்பிள் எடுப்பார்கள். அந்த ஒரு ரிசல்ட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு யாராவது மறுபடி அறுக்கச் சொன்னால், இன்னொரு டாக்டரிடமும் கேளுங்கள்.

நெகட்டிவ் வந்ததும் நிறைய பேர் ஃபைலைப் பரணில் போட்டுவிடுகிறார்கள், அங்கேதான் தவறு. வருடம் ஒருமுறை என்று அடுத்தடுத்து மூன்று நெகட்டிவ் வர வேண்டும். அப்புறம் மூன்று வருடத்துக்கு ஒருமுறை, குறைந்தது 25 வருடம். மற்றவர்களுக்கு ஸ்க்ரீனிங் நிறுத்தும் வயது வந்தாலும் உங்களுக்கு அது பொருந்தாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அமிலம் தடவிப் பார்க்கும் சோதனையும் உங்களுக்குப் போதாது. லீப்புக்குப் பிறகு பார்க்க வேண்டிய இடம் உள்ளே தள்ளிப்போயிருக்கலாம், அப்போது வெளியிலிருந்து தெரியாது.

அக்கா சொல்வதற்கு வருகிறேன். இந்த நிலையில், அதுவும் ஓரங்கள் சுத்தமாக இருக்கும்போது, கர்ப்பப்பையை எடுக்கத் தேவையில்லை. எடுத்தாலும் வம்பு தீராது. இதே வைரஸ் யோனியின் மேற்பகுதியிலும் இருக்கலாம் என்பதால், சி.ஐ.என். 3 இருந்தவர்கள் ஆபரேஷனுக்குப் பிறகும் டெஸ்ட் எடுத்தபடிதான் இருக்க வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் இந்த நிலையில் வரும் பெண்களில் பாதிப் பேர் கதவைச் சாத்திவிட்டுக் கேட்பது: “இது எங்கிருந்து வந்தது டாக்டர்?” வருடக்கணக்கில் சத்தமில்லாமல் இருக்கக்கூடிய வைரஸ் இது. யாரிடமிருந்து, எப்போது என்று எந்த டெஸ்ட்டும் சொல்லாது. ஒரு ரிப்போர்ட்டை வைத்து வீட்டில் சண்டை வேண்டாம்.

லேபில், புற்றுநோய் உண்டாக்கக்கூடிய ‘ஹை ரிஸ்க்’ வகைகளுக்கான டெஸ்ட் மட்டும் கேளுங்கள். மரு உண்டாக்கும் 6, 11 வகைகளையும் சேர்த்துப் பேக்கேஜ் விற்பார்கள், அந்தக் காசு தண்டம். மாதவிலக்கு நாட்களில் போக வேண்டாம். இரண்டு நாள் முன்பிருந்தே உறவையும் உள்ளே வைக்கும் மருந்தையும் தவிர்த்துவிடுங்கள். போகும்போது லீப் செய்த தேதியும் பயாப்சி ரிப்போர்ட்டும் கையில் இருக்கட்டும். முக்கால்வாசிப் பேர் பில்லை மட்டும் பத்திரமாகக் கொண்டுவருகிறார்கள்.