தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் 31 வருஷம்: கேட்டதும் சொன்னதும்

1991இல் பயிற்சி இல்லாத ஆசிரியராக நியமனம் கிடைத்து, பிறகு கொட்டகலை ஆசிரியர் கலாசாலையில் படித்து, 2022 டிசம்பரில் ஓய்வு பெற்றவன் நான். பாடம் கணிதம், இடம் இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்கள். எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்றேன், நிஜமாகவே எல்லாவற்றையும் கேட்டுவிட்டீர்கள்.

கேள்வி: சேர், பத்தனை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரியில் முடித்துவிட்டுத் தோட்டப் பாடசாலைக்கு வந்து இரண்டு மாதம். பஸ்ஸை விட்டு இறங்கினால் நாலு கிலோமீட்டர் நடை, மழை, அட்டை. ஆறாம் தரத்தில் பாதிப் பிள்ளைகளுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கவே வரவில்லை. விட்டுவிடலாமா என்றிருக்கிறது.

பதில்: மகள், முதல் வருஷத்தில் இப்படி நினைக்காத ஆளை நான் கண்டதில்லை. அட்டைக்குக் கால்மேஸில் சவர்க்காரம் தேய்த்துக்கொள்ளுங்கள், அது தீர்கிற பிரச்சினை. வாசிப்புக்கு வருவோம். ஆறாம் தரப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, அந்தப் பாதிப் பேருக்கு ஒன்றரை மாதம் அரிச்சுவடியிலிருந்து தொடங்குங்கள். மேற்பார்வைக்கு வருகிறவர் பாடத்திட்டம் பின்தங்கியிருக்கிறது என்று பாடசாலையின் குறிப்பேடான சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் எழுதிவிட்டுப் போவார், எழுதட்டும். முதல் நாள் வைத்த சோதனைத் தாளையும் ஒன்றரை மாதம் கழித்து வைத்த தாளையும் சேர்த்துப் பத்திரமாக வையுங்கள், அதிபர் கேட்டால் காட்ட அது போதும். அப்புறம், சம்பள நாளில் வரவு குறையும், அன்றைக்குப் புதுப் பாடம் எடுத்து நீங்களே மனதை உடைத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: உண்மையைச் சொல்லுங்கள், அந்தச் சம்பளத்தில் வாழ முடியுமா?

பதில்: வாழலாம், கடனோடு. 2014, 2015இல் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரியர் உதவியாளர் என்று எடுத்தார்களே, அந்தப் பிள்ளைகளுக்கு மாதம் 6,000 ரூபாய்தான் கொடுத்தார்கள், பிறகுதான் 10,000 ஆனது. பஸ் காசுக்கும் வாடகைக்கும் கணக்குப் போட்டுப் பாருங்கள், நான் கணித ஆசிரியன், எனக்கே விடை வரவில்லை. 2021இல் சம்பள முரண்பாட்டுக்காக மூன்று மாதத்துக்கு மேல் ஆன்லைன் கற்பித்தலை நிறுத்தினோம். கேட்டதில் மூன்றில் ஒரு பங்குதான் கிடைத்தது, மீதிக்காக 2024இலும் வீதிக்கு இறங்கினார்கள். இதில் சொல்லக் கூசுகிற ஒன்று உண்டு. எங்கள் லயத்து, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுப் பிள்ளைகளில் பாதிப் பேரிடம் போனே கிடையாது, இருந்தவர்களும் சிக்னலுக்கு மலையேற வேண்டும். ஆகவே நாங்கள் நிறுத்தியதுகூட அவர்களுக்குத் தெரியவில்லை.

கேள்வி: ஸ்மார்ட் போர்டு வந்தால் தரம் உயருமா?

பதில்: முதலில் கூரை ஒழுகாமல் இருக்கட்டும்.

கேள்வி: எல்லாம் சரி, ஆசிரியர்கள் புலமைப்பரிசில் பிள்ளைகளை மட்டும்தானே பார்க்கிறீர்கள்? சித்தியடையாத பிள்ளைக்கு என்ன மரியாதை?

பதில்: கோபப்பட மாட்டேன், உண்மைதான். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளி தாண்டிய இரண்டு பேரின் படம் பேனரில் தொங்கும், மற்ற இருபது பேர் தினமும் அதன் கீழே நடந்து வகுப்புக்கு வருவார்கள். நானும் அந்தப் பேனரைக் கட்டக் கயிறு பிடித்தவன். அந்த இருபதில் ஒருவன் பத்தாம் தரத்தில் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனான். போகிற அன்று, "சேர், கூட்டல் கழித்தல் வருகிறதுதானே, போதும்" என்றான். அவனைத் தடுக்க என்னிடம் ஒரு காரணமும் இருக்கவில்லை. அவனுக்கு மேலே படிக்க உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ள 1ஏபி வகைப் பாடசாலை பஸ்ஸில் ஒன்றரை மணிநேரம், அந்த பஸ் காசு அவன் அம்மாவின் ஒரு நாள் பேரில், அதாவது நாட்கூலியில், பாதி.

கேள்வி: அப்படியானால் 31 வருஷம் எதற்கு இருந்தீர்கள்?

பதில்: ஒரு கதை சொல்கிறேன். ஏழாம் தரத்துக்குச் சதவீதம் நடத்தினேன், ஒன்றும் ஏறவில்லை. புத்தகத்தில் வங்கி வட்டி, வர்த்தகர் இலாபம் என்றிருக்கிறது, இவர்கள் கண்டது தோட்டத்துக் கடையின் கடன் கொப்பியை. சரி என்று, வீட்டிலிருந்து சம்பளச் சீட்டைக் கொண்டுவரச் சொன்னேன். ஊழியர் சேமலாப நிதிக்குச் சட்டப்படி தொழிலாளியிடம் 8 சதவீதம், வேலை கொடுப்பவர் போடுவது 12, இதைச் சீட்டில் சரிபாருங்கள் என்றேன். வகுப்பு ஒரே சத்தம். ஒரு பிள்ளை மட்டும் எழுந்து வந்து, அம்மா எழுதி வைத்திருந்த நாட்களையும் சீட்டையும் பக்கத்தில் வைத்து, "இரண்டு முழுப்பேரை அரைப்பேர் ஆக்கியிருக்கிறார்கள் சேர்" என்றாள். அம்மா தோட்டத்து ஆபீஸுக்குப் போனார், திருத்திக் கொடுத்தார்கள். அடுத்த வாரம் எனக்கும் ஆபீஸிலிருந்து அழைப்பு வந்தது, "பாடப் புத்தகத்தில் இல்லாததை ஏன் நடத்துகிறீர்கள்" என்று. அந்த வருஷச் சாதாரண தரப் பெறுபேறு கூட எனக்கு ஞாபகமில்லை, அந்தக் கேள்வி ஞாபகமிருக்கிறது.

கேள்வி: உயர்தரம் எழுதிவிட்டு இருக்கிறேன். கல்வியியல் கல்லூரியா, பல்கலைக்கழகமா?

பதில்: பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற இசட் புள்ளி போதுமென்றால் பல்கலைக்கழகம் போ தம்பி, பட்டம் எடுத்துவிட்டும் ஆசிரியராகலாம். போதாதென்றால் கல்லூரி, இரண்டு வருஷம் விடுதியில், ஒரு வருஷம் பாடசாலையில் கட்டுறு பயில்வு, அதாவது கற்பித்துப் பழகுவது. எந்த வழியில் வந்தாலும் கணிதம் அல்லது விஞ்ஞானம் எடு. எங்கள் பக்கத்தில் அந்த இரண்டு பாடத்துக்கும் ஆள் இல்லாமல், நான் விட்டுவந்த வகுப்பைச் சித்திர ஆசிரியர்தான் பார்க்கிறார்.